எங்கள் வாறுகால் கவுன்சிலர்

போன வாரம் வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று புகைந்து நின்றுவிட்டது. அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் ஒரு ரீவைண்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றியதும் உள்ளே சுற்றியிருந்த காயில் கம்பி கருகிய வாசனை வந்தது. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த புது வார்னிஷ் வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. இந்தக் கலவை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் தலைவலிதான் வரும். எனக்குப் பிடிக்கும். இரண்டு தரம் இழுத்து மூச்சு விட்டேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேச்சுக் கொடுப்பதற்காக, "உங்க வார்டுல அடுத்த எலெக்சனுக்கு யாரு நிக்கா?" என்று கேட்டார்.

அந்த வாசனைக்கு நடுவில் 'நிக்கா' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் தம்பி சிரிக்கிய?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று சமாளித்தேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்து மேற்கே ஒதுங்கிய ஊர். சின்னப் பேரூராட்சி. எங்கள் தெருமுனையில் சோலையப்பன் அண்ணன் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். அவருக்கு இரண்டு வயதில் போலியோ. இரண்டு கால்களும் விறகுக் குச்சி கனத்துக்கு மேல் வளரவில்லை. மடங்கிய மடக்கிலேயே இறுகிவிட்டன. மெயின் ரோட்டில் போக மூன்று சக்கர ஸ்கூட்டர் இருந்தது. எங்கள் தெருவிலும் அதை ஒட்டிய குறுகலான முடுக்குகளிலும் அது நுழையாது. அங்கெல்லாம் அவருக்குக் கைதான். இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வார். வாருக்கு ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற நான்கு விரல்கள். உள்ளங்கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னால் வைத்து, மறுபடியும் ஊன்றுவார். பேசிக்கொண்டே கூட நடந்தால் நாம்தான் எட்டிப் போடவேண்டியிருக்கும்.

பரிதாபப்பட வருகிறவர்களை அவர் படுத்திய பாடு தனி. அவர் கடையில் நாற்காலியே கிடையாது. பொருளெல்லாம் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் இருக்கும். மாந்தோப்பு வைத்திருக்கும் பெரிய ஆளாக இருந்தாலும், மோட்டார் சரியாக வேண்டுமென்றால் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்காரவேண்டும். "அண்ணாந்து பாத்துப் பேசுனா எனக்குக் கழுத்து வலிக்கும். நீங்க எறங்கி வாங்க" என்பார். இறங்கி வருவார்கள். காயில் கட்டுவதில் அந்தக் கை அப்படி.

கோடையில் தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போவோம். படியில் இறங்குகிற வரைக்கும்தான் நாங்கள் காலுள்ளவர்கள். தண்ணீருக்குள் போய்விட்டால் அவரைத் தொட முடியாது. முங்கி அடியில் கிடக்கிற மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவார். "காலு இருந்தா இதுல ஒரு தொந்தரவு, அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே கெடக்கும்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லுவார். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கும் போவார். கூட்டத்தில் மிதிபடாமல் வடம் பக்கத்தில் எப்படிப் போய்ச் சேருவார் என்பது ஆண்டாளுக்குத்தான் தெரியும். உட்கார்ந்தபடியே வடத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் திரும்புவார்.

கல்யாணமும் அவரே பேசி முடித்ததுதான். மதினிக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. ஒரு மகள், தேன்மொழி. அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

மற்ற ஊர்களில் சாக்கடை என்று சொல்வதை நாங்கள் வாறுகால் என்போம். எங்கள் தெரு வாறுகால் நான் பிறக்கும் முன்பே உடைந்தது. மழை பெய்தால் தெருவுக்கும் வாறுகாலுக்கும் வித்தியாசம் தெரியாது. மற்றவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவிப் போய்விடுவார்கள். சோலையண்ணன் அதற்குள் கையை ஊன்றிப் போகவேண்டும். அந்த ஐப்பசியில் தேன்மொழியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது, தண்ணீருக்குள் கிடந்த பாட்டில் சில்லு செருப்பையும் தாண்டி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். காயம் ஆறுகிறவரை அவரால் வேலை செய்ய முடியாது என்பது ஒரு பக்கம், நடக்கவே முடியாது. ஒரு காயம், கையும் போச்சு காலும் போச்சு. மழை ஓய்கிற வரைக்கும் தேன்மொழியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அனுப்பினார்கள். அவள் ஒவ்வொரு நாளும் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்து, "நீ எப்பப்பா வருவ?" என்று கேட்பாளாம்.

அப்போது நான் சிவில் டிப்ளமா முடித்து வேலையில்லாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுதவேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். சோலையண்ணன் என்னை 'இஞ்சினியரு' என்று கூப்பிடுவார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிரிபடவில்லை. வாறுகாலுக்காக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய மனுக்களே ஒரு கட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "பாக்கலாம்."

கைத்தையல் பிரித்த மறுநாள் கடைக்குப் போயிருந்தேன். காயில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஏலே இஞ்சினியரு, நான் நிக்கலாம்னு இருக்கேன்."

ஏதோ புது ஆபரேஷன் வந்திருக்கிறது போல என்று நினைத்து, மிகுந்த அக்கறையோடு, "டாக்டர் என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் சுற்றிய கம்பி முழுவதும் உருவிக்கொண்டு போய்விட்டது.

"கூறுகெட்டவனே, எலெக்சன்ல நிக்கேன்லே!"

இப்படித்தான் நான் அவருக்கு முன்மொழிபவர் ஆனேன். வேட்புமனு நிரப்புகிற அளவுக்கு எழுத்துத் தெரிந்த, அதே வார்டில் ஓட்டுள்ள, வேறு வேலையில்லாத ஆள் நான் ஒருவன்தான். மனுத்தாக்கல் அன்று இருவரும் வரிசையில் போனோம். அலுவலரின் மேசை உயரம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு என்னை மட்டும்தான் தெரிந்தது. தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோலையப்பன்னு போட்டிருக்கு. நீங்களா?"

"நான் இல்ல சார்."

"அப்ப யாருங்க நிக்கிறது?"

மேசைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "நான்தாங்க நிக்கேன்."

அலுவலர் எழுந்து எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்தார். சோலையண்ணன் அவரைவிட நன்றாகச் சிரித்தார். அந்த அலுவலர் நல்ல மனிதர்; நாற்காலியை விட்டுவிட்டு, தாளோடு இந்தப் பக்கம் வந்து குந்தி உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்.

ஊருக்குள் வேறு மாதிரிச் சிரித்தார்கள். எதிரில் நின்றவர் முன்பே கவுன்சிலராக இருந்தவர். அவருடைய ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து, "நிக்கவே ஏலாதவன் எப்படிலே நிப்பான்?" என்று கேட்பார்கள். நான் கொதிப்பேன். சோலையண்ணன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதையே தன் பேச்சாக ஆக்கிக்கொண்டார். "எனக்குக் காலு இல்ல. நம்ம தெருவுக்கு வாறுகாலு இல்ல. மொதல்ல தெருவுக்கு வாங்கித் தாரேன், என் காலப் பொறவு பாத்துக்கிடலாம்."

இதற்கு முன்னால் நான் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே' என்று தொடங்கி நான்கு பக்கம். வாசித்துக் காட்டினேன். மதினி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"பெருமக்களா? நம்ம தெருவுல அது யாரு?"

நான்கு பக்கமும் அடுப்புக்குப் போயிற்று.

ஆனால் நான் சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் கேட்டுவிட்டார். அதுதான் வினையாயிற்று. சோலையண்ணன் யாரையும் கும்பிடமாட்டார். கை இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும்போது கும்பிடுவது எப்படி? தலையை ஆட்டி, "நல்லாருக்கியளா?" என்பார், அவ்வளவுதான். நான்தான் மூன்று நாள் நச்சரித்தேன். "கும்பிடாம ஓட்டுக் கேட்டா திமிரு பிடிச்சவன்னு சொல்லுவாகண்ணே. எல்லாக் கட்சிக்காரனும் கும்பிடுதான்." கடைசியில் சரி என்றார்.

முதல் கும்பிடு பட்டாளத்தாருக்கு. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். மேலத்தெருவில் அவர் குடும்பத்துக்கு இருபது ஓட்டு. அவர் சொல்லைக் கேட்கிற வீடுகள் இன்னும் பத்து. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோலையண்ணன் வேகமாகப் போய் நின்று, உடம்பைச் சமாளித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் கும்பிட்டார்.

கையில் செருப்பு.

இரண்டு செருப்பும் அடியோடு அடி சேர்ந்து, தெருச் சேறு ஒழுக, பட்டாளத்தாரின் மூக்குக்கு ஒரு முழத்தில் நின்றன. பட்டாளத்தார் பேப்பரை வீசிவிட்டு எழுந்தார்.

"ஏலே! செருப்பத் தூக்கிக் காட்டியா ஓட்டுக் கேக்க?"

"ஐயா, அவரு தெரியாம..." என்று நான் குறுக்கே போனேன்.

"நீ பேசாதலே! படிச்சவன்னு கூட்டிட்டு வந்திருக்கான், நல்லா படிச்சலே நீ!"

கதவு சாத்தப்பட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. சோலையப்பன் பெரிய மனுஷனுக்குச் செருப்பெடுத்துக் காட்டினான் என்று ஒருவர் சொல்ல, ஓங்கினான் என்று இன்னொருவர் சொன்னார். எறிந்தான் என்பது வரைக்கும் போய்விட்டது. மதினி மில்லிலிருந்து வரும்போதே பஸ்ஸில் கேள்விப்பட்டு வந்தார்கள். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். பையை இறக்கி வைத்துவிட்டு, "எறிஞ்ச செருப்பு எங்க? ஒத்தச் செருப்ப வச்சு நாளைக்கு எப்படி நடப்பிய?" என்றுதான் கேட்டார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "நாளைக்கு வெறுங்கையோட போவோம்ணே. செருப்பில்லாம தெருத் தெருவாப் போனா எல்லாருக்கும் மனசு எளகிரும். பட்டாளத்தாருகிட்ட மன்னிப்பும் கேட்டுருவோம்."

சோலையண்ணன் முகம் மாறியது. என்னோடு அவர் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"மனசு எளகி ஓட்டுப் போட்டா, அது எனக்கு விழுந்த ஓட்டா? பிச்ச எடுக்க வேண்டியதுன்னா இத்தன வருசம் எதுக்குலே காயில் கட்டுனேன்? வெறுங்கையோட ஏன் போகணும்? நீ வெறுங்காலோட வாரியா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அதே செருப்போடு பட்டாளத்தார் வீட்டுக்குப் போனார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். பட்டாளத்தார் அதே நாற்காலியில் இருந்தார். நிமிரவில்லை. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"ஐயா, நேத்து உங்க மொகத்துக்கு நேரா தூக்குனது தப்புதான்" என்றார் சோலையண்ணன். "கும்பிடத் தெரியாதவன் கும்பிட்டுட்டேன். அதுக்கு மட்டும் தப்புன்னு சொல்லுதேன். ஆனா செருப்பப் போட்டதுக்குத் தப்புன்னு சொல்லமாட்டேன். உங்களுக்குக் காலு அங்க இருக்கு, எனக்கு இங்க இருக்கு. நீங்க உங்க காலுச் செருப்போடதான் உக்காந்திருக்கிய. நானும் என் காலுச் செருப்போடதான் வந்திருக்கேன்."

பட்டாளத்தார் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சோலையண்ணனின் கைகளைப் பார்த்தார். செருப்பின் ஓரத்தில் உள்ளங்கைத் தழும்பு வெளியே தெரிந்தது.

"இது எங்க கிழிச்சது?"

"எங்க தெருவுலதான். தெருவ எல்லாரும் கண்ணால பாக்காக. நான் ஒருத்தன்தான்யா கையால பாக்கேன்."

பட்டாளத்தார் பேப்பரை மடித்தார். "நீ சொல்லுதது நாயந்தான். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல. ஆனா ஓட்டு எம் மருமவனுக்குத்தான். அவன் எனக்குச் சொந்தம்" என்றார். எதிராளி அவருக்கு மருமகன் முறை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அத நீங்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சோலையண்ணன் திரும்பினார். எதிர் வீட்டு ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு அம்மா, "ஏய்யா சோலை, எங்க வீட்டுப் பக்கமும் வந்துட்டுப் போ. செருப்போடவே வா" என்று கூப்பிட்டார். ஓட்டுக் கேட்டுப் போன எங்களை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பதினோரு ஓட்டில் ஜெயித்தார். பட்டாளத்தார் வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டு எண்ணுகிற இடத்திலிருந்து வெளியே வந்ததும் பையன்கள் அவரைத் தோளில் தூக்க ஓடி வந்தார்கள். "யாராச்சும் தொட்டிய, ராஜினாமா பண்ணிருவேன்" என்று கத்தினார். மாலையைப் போட்டுக்கொண்டு, கையை ஊன்றித் தெருத் தெருவாகத் தானே வந்தார். தரையில் இழுபட்டு அந்த மாலையில் வீடு வரும்போது நார்தான் மிச்சம்.

கவுன்சிலராகிவிட்டால் வாறுகால் தானாக வந்துவிடுமா? ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழுப்பிய ஒரே பிரச்சினை அதுதான். ஊரில் அவருக்கு 'வாறுகால் கவுன்சிலர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. மற்ற உறுப்பினர்கள் இவர் தலையைக் கண்டதும், "வாறுகால்தான? எழுதியாச்சு, எழுதியாச்சு" என்பார்களாம். கடைசியில் வாறுகால் வேலைக்கு உத்தரவு வந்தது. எனக்கும் அதை எடுத்த ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. சிபாரிசா என்று கேட்டால், ஆமாம், சிபாரிசுதான். "படிச்சிருக்கான், ஆனா கூறு கம்மி. சொன்னாச் செய்வான்" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டார்.

வாறுகால் கட்டி, மேலே சிலாப் போட்டு மூடி, வேலை முடிந்தது. நான் ரசமட்டம் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்து, சரி என்று எழுதிவிட்டேன். கவுன்சிலர் பார்வையிட வந்தார். வழக்கமாகப் பார்வையிடுவது என்றால் காரை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்புவதுதான். சோலையண்ணன் தெருமுனையில் வந்து நின்றார். செருப்பு இரண்டையும் கழற்றி மதினியிடம் கொடுத்தார். வெறுங்கையைச் சிலாப்பில் ஊன்றினார். அங்கிருந்து பள்ளிக்கூட வாசல் வரை, சிலாப்புக்குச் சிலாப், கையாலேயே போனார். இணைப்புகளைத் தடவினார். ஓரங்களைத் தடவினார். ஆறு இடத்தில் நின்று, "இங்க ஜல்லி குத்துது" என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொத்தனார் அலுத்துக்கொண்டார். "கவுன்சிலர்மாரு எட்டி நின்னு பாப்பாக. இவரு என்ன, மாடு வாங்க வந்த மாதிரி தடவிப் பாக்காரு."

ஆனாலும் கரண்டியை எடுத்துக்கொண்டு கூடவே போனார். சிமெண்ட் பூசித் தேய்ப்பார். சோலையண்ணன் தடவிப் பார்த்து, "இன்னும்" என்பார். மறுபடி தேய்ப்பார். "இன்னும் கொஞ்சம்." பிறகு ஒரு இடத்தில் கை நிற்கும். "போதும்." ஆறு இடமும் முடியப் பொழுது இறங்கிவிட்டது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. குடையைத் தேன்மொழி பிடித்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கும் அவர் உயரத்துக்கும் ஒரு குடை சரியாகப் போதும். பள்ளிக்கூட வாசல் வரை அப்பாவும் மகளும் சிலாப் மேல் போனதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மகள் ஏதோ கதை சொல்லிக்கொண்டு போனாள், அதைக் கேட்டுக்கொண்டு போனார். அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட அவர் விடவில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பது வயது ஆகியிருக்கவில்லை. மதினி மில்லுக்குப் போகிறார்கள். தேன்மொழி வளர்ந்துவிட்டாள், கேள்வி கேட்டே வாத்தியார்களைப் படுத்துகிறாளாம். கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள்.

இப்போது அடுத்த தெருவில் வாறுகால் வேலை நடக்கிறது. நான்தான் மேற்பார்வை. அதே கொத்தனார். மோட்டாரைச் சரிபண்ணி வாங்கிக்கொண்டு வந்த மறுநாள் கடைசிச் சிலாப்பையும் போட்டு முடித்தோம். ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் அசையாமல் நடுவில் நின்றது. எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான். என்னவோ தோன்றி, குந்தி உட்கார்ந்து, சிலாப் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். சொரசொரப்பாக இருந்தது போலவும் இருந்தது, வழவழப்பாக இருந்தது போலவும் இருந்தது.

கொத்தனார் கரண்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தேய்க்கணுமா சார்?"

"தெரியலண்ணே."

அவர் சிரிக்கவில்லை. வாளியில் இருந்த சிமெண்டைக் கொஞ்சம் அள்ளி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தடவிவிட்டு அவரைப் பார்த்தேன். மறுபடியும் தேய்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் போதும் என்று சொல்லத் தெரியவில்லை.